அகழிச் சுவரில் பழைய நிலநடுக்கத்தைத் தேடுவது: புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் எப்போதும் எங்காவது ஒரு தொடர்மாடிக்கு அத்திவாரக் கிடங்கு வெட்டிக்கொண்டிருப்பார்கள். அடுத்த முறை தகர வேலிக்குள்ளால் எட்டிப் பார்க்கக் கிடைத்தால் கிடங்கின் அடியை விட்டுவிட்டு அதன் சுவரைப் பாருங்கள். மேலே உடைந்த ஓடும் செங்கல்லும் கலந்த கொட்டுமண் இருக்கும். அதற்குக் கீழே மணல். சில இடங்களில் அதற்கும் கீழே கறுப்பாக ஒரு சேற்றுப்படை. மேலே இருப்பது பிந்திப் படிந்தது, கீழே இருப்பது முந்திப் படிந்தது. இது பிடிபட்டால் எண்ணூறு வருடத்துக்கு முந்திய ஒரு நிலநடுக்கத்துக்குத் திகதி சொல்லும் வேலையில் பாதி பிடிபட்ட மாதிரி. மற்றப் பாதியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நிலநடுக்கத்தை அளக்கும் கருவிகள் பரவலாக வந்து நூற்றிருபது, நூற்றிமுப்பது வருடங்கள்தான் ஆகின்றன. ஒரு பெரிய பிளவு ஒருமுறை அசைந்த பிறகு மறுபடி அசைவதற்கு இருநூறு வருடமும் ஆகலாம், இரண்டாயிரம் வருடமும் ஆகலாம். ஏட்டிலும் கல்வெட்டிலும் எழுதி வைத்தவை சில ஊர்களுக்கு உண்டு, பல ஊர்களுக்கு இல்லை. ஆகவே பிளவுக்குக் குறுக்கே அகழி வெட்டி, அதன் சுவரில் மண் எழுதி வைத்திருப்பதைப் படிக்கிறார்கள். இந்தத் துறைக்குத் தொல்நிலநடுக்கவியல் என்று பெயர்.

முதலில் இடம்

பிளவு என்றால் நிலத்தின் இரண்டு பக்கங்கள் ஒன்றையொன்று உரசி நழுவும் கோடு. அது எங்கே ஓடுகிறது என்பதை வான்படங்களிலும், மரங்களை நீக்கித் தரையை மட்டும் காட்டும் லைடார் படங்களிலும் தேடுவார்கள். நேராக வந்த ஓடை ஓரிடத்தில் முறிந்து பக்கவாட்டில் போயிருக்கும். வயல் நடுவே காரணமில்லாமல் ஒரு படி இருக்கும். அல்லது கோடு போட்டதுபோலக் குட்டைகள் வரிசையாக இருக்கும். கலிபோர்னியாவில் சான் அன்ட்ரியாஸ் பிளவைக் கடக்கும் வொலஸ் ஓடை 130 மீற்றர் அளவுக்கு விலகிப் போயிருக்கிறது. படத்தைப் பார்த்தால் சின்னப் பிள்ளைக்கும் விளங்கும்.

ஆனால் பிளவு தெளிவாகத் தெரிகிற இடத்தில் வெட்டினால் எல்லாம் கிடைக்கும் என்று நினைக்கக் கூடாது. எனக்குத் தெரிந்து புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். தேவைப்படுவது மண் அடிக்கடி, மெல்லிய படைகளாகப் படிந்துகொண்டே இருந்த இடம். மழைநீர் மண்ணை அரித்துக்கொண்டு போகும் மேட்டில் பிளவு மட்டும்தான் இருக்கும், அது எப்போது அசைந்தது என்று சொல்லப் படைகள் இருக்கமாட்டா. குட்டையின் கரை, ஓடை விரிந்து வண்டல் பரப்பும் வாய், சதுப்பு ஆகியவை நல்ல இடங்கள்.

இதற்குச் சிறந்த உதாரணம் லொஸ் ஏஞ்சலீஸுக்கு வடகிழக்கே உள்ள பலட் ஓடை. கெரி சீ என்ற புவிச்சரிதவியலாளர் 1970களில் அங்கே வேலை செய்து 1978இல் முடிவுகளை வெளியிட்டார். அந்த இடம் முன்பு சதுப்பாக இருந்தது. இலைதழை முழுதாக மக்காமல் படிந்த பீட் படைகளும் வண்டலும் மணலும் மாறி மாறி அங்கே அடுக்கடுக்காக இருந்தன. முத்துராஜவெலச் சதுப்புப் பக்கம் போனவர்களுக்கு அந்தக் கறுப்புப் பீட் எப்படியிருக்கும் என்று தெரியும். அது தாவரத்தால் ஆனதால் அதிலேயே வயது கணிக்கலாம். பிளவு வெட்டிய படையும், வெட்டுப்படாத படையும், இரண்டுக்கும் வயது தரும் பொருளும் ஒரே சுவரில் இருந்ததால் அந்த இடம் இந்தத் துறையின் போக்கையே மாற்றியது.

வெட்டுவது

பிளவுக்குச் செங்குத்தாக வெட்ட வேண்டும். நிலச் சொந்தக்காரரின் அனுமதி, பயிருக்கு இழப்பீடு, தண்ணீர் இறைக்கப் பம்பு, பெக்கோ ஓட்டுபவருக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்ற விளக்கம், இவை எல்லாம் முதல் நாளே முடிந்திருக்க வேண்டும்.

பாதுகாப்பைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். மண்சுவர் சரிவதற்கு முன் சத்தம் போடாது. ஒரு கன மீற்றர் மண் ஒன்றரைத் தொன்னுக்கு மேல் இருக்கும், அது நெஞ்சுவரை மூடினாலே மூச்சு விட முடியாது. ஐந்தடிக்கு மேல் ஆழமான அகழியில் முட்டுக் கொடுக்காமல் அல்லது சுவரைப் படி படியாக வெட்டாமல் இறங்காதீர்கள். ஒரு நிமிடப் படத்துக்காகக்கூட இறங்காதீர்கள். வெட்டிய மண்ணை விளிம்பில் குவிக்க விடாதீர்கள். தலைவர் அவசரப்படுத்தினாலும் ஏணி இல்லாத அகழிக்குள் இறங்க மறுக்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

சுவரைத் துப்புரவாக்குவது

பெக்கோவின் பல் பட்ட சுவர் பூசி விட்டதுபோல் இருக்கும், அதில் எதுவும் தெரியாது. மேசன்மாரின் சாந்தகப்பை போன்ற தட்டைக் கருவியால் ஓரிரு சென்ரிமீற்றர் சுரண்டி எடுக்க வேண்டும். எப்போதும் மேலிருந்து கீழே சுரண்டுங்கள். கீழிருந்து தொடங்கினால் மேலிருந்து விழும் தூள் திரும்ப மூடிவிடும். காய்ந்த சுவரில் மெல்லிய தூறலாகத் தண்ணீர் தெளித்தால் நிறங்கள் எழும்பி வரும், களியும் மணலும் வேறு வேறு வேகத்தில் உலரும்போது அவற்றின் எல்லை கோடாகத் தெரியும். காலைச் சாய்வு வெயிலில் தெரிவது மதியம் தெரியாது. நான் ஒரே சுவரை மூன்று நேரம் பார்ப்பேன்.

பிறகு ஆணியும் நூலும் கொண்டு மீற்றர் இடைவெளியில் கட்டம் போடுங்கள். இப்போது நூற்றுக்கணக்கான படங்களை எடுத்துக் கணினியில் ஒட்டி ஒரே படமாக்குகிறார்கள். நல்ல வசதிதான். ஆனாலும் கையால் வரைவதை விட்டுவிடாதீர்கள். கமரா எல்லாவற்றையும் ஒரே மாதிரிப் பார்க்கும். வரையும் கை ஒவ்வொரு எல்லையிலும் நின்று, இது கூர்மையா, மங்கலா, எங்கே முடிகிறது என்று கேட்டே ஆக வேண்டும்.

ஒவ்வொரு படைக்கும் இலக்கமிட்டு நிறம், மணியின் பருமன், வேர்த்தடம், கரி ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டத்தில் நிலநடுக்கம் என்ற சொல்லையே எழுத வேண்டாம். பார்த்ததை மட்டும் எழுதுங்கள்.

அன்றைய நிலமட்டத்தைக் கண்டுபிடிப்பது

முழு வேலையும் ஒரு கோட்டைத் தேடுவதில் இருக்கிறது. நிலநடுக்கம் நடந்த அன்று மனிதர் நடந்து திரிந்த தரை எது? அந்தத் தரைக்குக் கீழே உள்ளவை எல்லாம் முறிந்திருக்கும், மேலே உள்ளவை முறியாமல் மூடியிருக்கும். பிளவின் வெடிப்பு தன் வயதைத் தானே சொல்லாது. அதை மூடிய முதல் முறியாத படைதான் சொல்லும்.

அந்தக் கோட்டைக் காட்டும் தடயங்கள் பல வகை. அவற்றை ஒரே எடையில் வைக்கக் கூடாது.

பலமானது என்று நான் நினைப்பது, பிளவு மண்ணை ஒரு படிபோல உயர்த்தி விட்ட பிறகு அந்தப் படியின் முகம் இடிந்து அடியில் குவிந்த மண். வெட்டுமுகத்தில் அது ஆப்பு வடிவில் தெரியும்: பிளவுப் பக்கம் தடிப்பு, விலகப் போகப் போக மெலிவு. அந்த ஆப்பின் அடிதான் அன்றைய தரை. ஆப்பின் அதிகபட்சத் தடிப்பு படியின் உயரத்தில் ஏறத்தாழப் பாதி இருக்கும் என்று வேலை அனுபவத்தில் ஒரு கணக்கு உண்டு. ஒரு பக்கத்து நிலம் மற்றப் பக்கத்தின் மேலேறி வரும் பிளவுகளில் அந்த ஆப்பின் மேலேயே பழைய மண் ஏறிப் படுத்திருக்கும். அதைக் கண்டால் நல்ல நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, தரையில் திறந்த வெடிப்புக்குள் மேலிருந்து விழுந்து நிரம்பிய மண். பக்கத்துப் படைகளோடு ஒட்டாத கலவையாக, மேல்மண் கட்டிகளோடு இருக்கும். வளைந்து மடிந்த படைகளின் மேல் தட்டையாக ஒரு படை படுத்திருப்பதும் அப்படித்தான், மடிப்பு முந்தியது, தட்டைப்படை பிந்தியது. நீரூறிய மணல் அதிர்வில் திரவம்போலாகி மேலே பீறிட்டுப் பழைய தரையில் கூம்பாகப் பரவியிருந்தால் அது நடுக்கத்துக்கு நல்ல சான்று. ஆனால் அது இந்தப் பிளவின் நடுக்கமா, தொலைவில் உள்ள வேறொன்றினதா என்பதை மட்டும் தனியே கேட்க வேண்டும்.

புதியவர்கள் அதிகம் நம்புவது, ஒரு வெடிப்பு மேலேறி வந்து ஒரு படைக்குக் கீழே நின்றுவிடுவதை. ‘இங்கே முடிகிறது, ஆகவே அப்போதுதான் நடந்தது’ என்று எழுதி விடுவார்கள். வெடிப்புகள் இயற்கையாகவே மேலே போகப் போக மெலிந்து காணாமற் போகும். மேலுள்ள படை ஒரே நிற மணலாக இருந்தால் அதற்குள் வெடிப்பு போனாலும் கண்ணுக்குத் தெரியாது. ஒரே மட்டத்தில் பல வெடிப்புகள் நின்றால் நம்பலாம். ஒன்றுமட்டும் நின்றால் குறித்து வைத்துக்கொண்டு காத்திருங்கள்.

நான் தொடக்க காலத்தில் இமயமலை அடிவாரத்து அகழி ஒன்றில், நூல் கட்டிய மூன்றாம் சதுரத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். சாம்பல் நிறக் களியை வெட்டிக்கொண்டு ஒரு மெல்லிய கறுப்புக் கோடு இறங்கியது. பென்சில் தடிப்பு, இரண்டு படைகளைக் கடந்து போனது. பிளவு என்று சிவப்பு மையால் வரைந்துவிட்டேன். எங்கள் குழுத் தலைவர் வந்து பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை, திரும்பி எதிர்ச்சுவரைக் காட்டினார். அங்கே அந்த இடத்தில் படைகள் நூல் பிடித்ததுபோல் ஒழுங்காகக் கிடந்தன. பிறகு கத்தி நுனியால் என் கோட்டை மெதுவாகத் திறந்தோம். உள்ளே மக்கிய வேர்ப்பட்டை, நார் நாராக. அன்றிலிருந்து இரண்டு பக்கத்துப் படைகளும் உயரம் மாறியிருக்கின்றனவா என்று அளக்காமல் எந்தக் கோட்டையும் சிவப்பில் வரைவதில்லை.

வேர் மட்டுமல்ல, எலிவளை, கறையான் புற்று, வெயிலில் வெடித்த களி, மலைச்சரிவில் தானாக வழுகிய மண் எல்லாம் பிளவுபோல வேடம் போடும். நடுக்கமே இல்லாமல் மெல்ல மெல்ல ஊர்ந்துகொண்டிருக்கும் பிளவுகளும் உண்டு. ஆகவே எதிர்ச்சுவரைப் பாருங்கள், முடிந்தால் சில மீற்றர் தள்ளி இன்னோர் அகழியையும் பாருங்கள்.

கத்தரிக்கோல் பயிற்சி

வரைபடம் முடிந்ததும் ஒரு பிரதி எடுத்து, பிளவுக் கோட்டின் வழியே கத்தரிக்கோலால் வெட்டுங்கள். மேசையில் வைத்து ஒரு பாதியை நழுவ விடுங்கள். அன்றைய தரை இரண்டு பக்கமும் ஒரே மட்டமாகும்வரை நழுவ விட்டு நிறுத்துங்கள். இப்போது நீங்கள் கடைசி நிலநடுக்கத்துக்கு முந்தின நாளில் இருக்கிறீர்கள். கீழ்ப் படைகளும் சேர்ந்து பொருந்திவிட்டால் அந்தச் சுவரில் ஒரு நிகழ்வுதான். மேலே பொருந்தியும் கீழே உள்ளவை இன்னும் விலகியே நின்றால் அதற்கு முன் வேறொன்று நடந்திருக்கிறது. உதாரணத்துக்கு, மேற்படை ஒரு மீற்றர் விலகியிருக்க, கீழ்ப்படை இரண்டரை மீற்றர் விலகியிருந்தால், அந்த ஒன்றரை மீற்றருக்குக் கணக்கு வேண்டும். எந்தப் படைக்கு மேலே அது குறைகிறது என்று தேடுங்கள், இரண்டாவது தரை அங்கே இருக்கும். எதுவுமே பொருந்தாவிட்டால் வரைபடத்தில் எங்கோ பிழை. திரும்பச் சுவருக்குப் போங்கள்.

கணினியில் இதைச் செய்யும் மென்பொருள்கள் இருக்கின்றன. முதல் நாலைந்து தடவை கடதாசியில்தான் செய்ய வேண்டும் என்பது என் பிடிவாதம்.

திகதி

அன்றைய தரைக்குக் கீழே, கடைசியாக முறிந்த படையில் ஒரு மாதிரி. மேலே, முதலில் மூடிய படையில் ஒரு மாதிரி. நிலநடுக்கம் இந்த இரண்டுக்கும் இடையில் நடந்தது. கீழ்ப்படை கி.பி. 1040க்கும் 1160க்கும் இடைப்பட்டது, மேற்படை 1220க்கும் 1290க்கும் இடைப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் நிகழ்வு 1040க்குப் பின், 1290க்கு முன். இதை நடுவில் வெட்டி 1165 என்று எழுதாதீர்கள், அப்படி ஒரு வருடத்தை அந்தச் சுவர் உங்களுக்குச் சொல்லவில்லை.

காபன்-14 முறைதான் அதிகம் பயன்படுகிறது. உயிர் இருந்த பொருள் இறந்தபின் அதிலுள்ள காபன்-14, 5,730 வருடத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். ஏறத்தாழ 50,000 வருடம்வரை அளக்கலாம். அரிசி மணியளவு கரித்துண்டு போதும். விரலால் தொடாமல் கத்தி நுனியால் எடுத்து அலுமினியத் தாளில் மடித்து, படை இலக்கமும் கட்ட இலக்கமும் எழுதுங்கள். சுவரில் எடுத்த இடத்தில் ஓர் ஆணி, அதன் படம். எங்கிருந்து வந்தது என்று தெரியாத கரி எவ்வளவு அழகாக இருந்தாலும் உதவாது.

ஆய்வுகூடம் தரும் வயதில் கவனிக்க வேண்டியவை இருக்கின்றன. ‘இன்றைக்கு முன்’ என்று அவர்கள் எழுதினால் 1950க்கு முன் என்று அர்த்தம். அந்த எண்ணை நேரடியாக நாட்காட்டி வருடமாக எடுக்க முடியாது, மரவளையங்களைக் கொண்டு செய்த திருத்த வளைவில் வைத்துப் பார்க்க வேண்டும். அந்த வளைவு 17ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு மிகவும் நெளிவதால் அண்மைய முந்நூறு வருடங்களைப் பிரிப்பது கஷ்டம். இன்னொரு பெரிய தொல்லை, கரி படிந்த நாளும் மரம் வளர்ந்த நாளும் வேறு. இருநூறு வருட மரத்தின் உள்வைரம் எரிந்து, மேட்டில் நூறு வருடம் கிடந்து, பிறகு வெள்ளத்தில் வந்து படிந்திருக்கலாம். அதனால் தனிக் கரித்துண்டின் வயதை ‘இதைவிடப் பழையதாக இந்தப் படை இருக்க முடியாது’ என்று மட்டும் வாசியுங்கள். விதை, இலை, சிறு சுள்ளி கிடைத்தால் கரியைவிட அவற்றையே அனுப்புங்கள்.

தாவரப் பொருள் கிடைக்காத மணலுக்கு ஒளிர்வு முறை இருக்கிறது. குவார்ட்ஸ், பெல்ட்ஸ்பார் மணிகள் கடைசியாக வெயில் கண்ட பிறகு எவ்வளவு காலம் இருட்டில் கிடந்தன என்பதை அது கணக்கிடும். உலோகக் குழாயைச் சுவரில் அடித்து இறக்கி, இரு முனைகளையும் வெளிச்சம் புகாமல் மூடி எடுக்க வேண்டும். குழாய்க்குள் ‘மண் வந்திருக்கிறதா’ என்று டோர்ச் அடித்துப் பார்த்தால் மாதிரி போயிற்று. குழாயைச் சுற்றியுள்ள மண்ணிலும் ஒரு பையில் எடுங்கள், கதிரியக்கமும் ஈரமும் அளக்க அது தேவை.

வயதுகள் எல்லாம் வந்த பிறகு, மேலே உள்ளது கீழே உள்ளதைவிட இளையது என்ற ஒழுங்கையும் சேர்த்து ஒக்ஸ்கால் போன்ற மென்பொருளில் கணக்கிடுவார்கள். வீச்சுகள் சுருங்கும். ஆனால் படை ஒழுங்கைப் பிழையாகக் கொடுத்தால் பிழையான விடையை மிக நேர்த்தியாகத் தரும்.

சரித்திரத்தோடு சேர்த்தல்

1934 ஜனவரி 15இல் பீகாரையும் நேபாளத்தையும் உலுக்கிய பெரும் நிலநடுக்கம் தரையை வெட்டவே இல்லை என்றுதான் நெடுங்காலம் நினைத்தார்கள். தென்கிழக்கு நேபாளத்தில் சிர் கோலா ஆற்றருகே அகழி வெட்டிய குழு, 2013இல் வெளியிட்ட ஆய்வில் அந்த நிலநடுக்கம் தரைவரை வந்து வெட்டிய தடத்தைக் காட்டியது. அதற்கு முந்தைய வெட்டு 1255ஆம் ஆண்டோடு பொருந்தியது. அந்த ஆண்டு நிலநடுக்கத்தில் காத்மண்டு மன்னர் அபய மல்லர் இறந்ததாக நேபாள வம்சாவளிகள் சொல்கின்றன. ஏட்டில் ஒரு வரியாக இருந்த மரணமும் ஆற்றங்கரை மண்ணில் இருந்த ஒரு வெட்டும் ஒன்றையொன்று கண்டுகொண்டன. இதைப் படிக்கும் ஒவ்வொரு தடவையும் எனக்கு மெய் சிலிர்க்கும்.

அந்தச் சிலிர்ப்பில்தான் ஆபத்தும் இருக்கிறது. தெரிந்த ஒரு வருடம் கையில் இருந்தால் மண்ணின் வயதை அதற்கு வளைக்கத் தோன்றும். ஆகவே முதலில் மண்ணின் வீச்சை எழுதி முடித்து மூடுங்கள். அப்புறம் சரித்திரத்தைத் திறவுங்கள்.

அகழியில் எதுவும் இல்லையென்றால் எதுவும் நடக்கவில்லை என்று எழுத முடியாது. 2001இல் குஜராத்தின் பூஜ் பகுதியில் 7.7 அளவில் வந்த நிலநடுக்கத்தின் பிளவு தரையை எட்டவில்லை. ஏறக்குறைய 6 அளவுக்குக் குறைந்தவை பெரும்பாலும் தரையில் வெட்டே விடுவதில்லை. சராசரியும் ஏமாற்றும்: பலட் ஓடையில் சராசரி இடைவெளி நூற்றிமுப்பது வருடம் அளவில் வந்தாலும், நிகழ்வுகள் இரண்டு மூன்றாகக் கூடி வந்து, பிறகு இருநூறு முந்நூறு வருடம் அமைதியாக இருந்திருக்கின்றன.

கொழும்பிலிருந்து தொடங்குவது

இங்கே வெட்டிப் பார்க்க அப்படி ஒரு பிளவு நமக்குக் கைக்கெட்டிய தூரத்தில் இல்லை. 1615இல் கொழும்பில் வீடுகளையும் மதிலையும் இடித்த ஒரு நிலநடுக்கம் போர்த்துக்கேயர் காலப் பதிவுகளில் இருக்கிறது. அதைப் பற்றிக் கேட்டு எனக்கு அடிக்கடி பிள்ளைகள் எழுதுவார்கள். எந்தப் பிளவு என்று தெரியாமல் அகழி வெட்ட இடம் சொல்ல முடியாது. ஆனால் அதே சிந்தனையில் நம் தீவில் நடந்த வேலை உண்டு. 2004 சுனாமிக்குப் பிறகு அம்பாந்தோட்டை அருகே கரகன் களப்பில் குழாய் இறக்கிச் சேற்றை எடுத்து, அதற்குள் அகப்பட்டிருந்த கடல்மணல் படைகளைக் கொண்டு கடந்த ஏழாயிரம் வருடத்து சுனாமிகளைத் தேடினார்கள். மேலே சேறு, கீழே சேறு, நடுவே மணல். வாசிக்கும் முறை நீங்கள் மேலே படித்ததுதான்.

பயிற்சிக்கு அத்திவாரக் கிடங்கு போதும். போன வருடம் உயர்தரம் முடித்த ஒரு தங்கச்சியை அப்படி ஒன்றுக்குக் கூட்டிப் போனேன். மணலுக்குள் ஒரு சாய்ந்த கோட்டைக் காட்டி, “அண்ணா, இது பிளவோ?” என்றாள்.

“மற்றச் சுவரைப் பாத்தனீங்களோ?”

பார்த்தாள். அங்கேயும் கோடு இருந்தது, அதே சாய்வில். நூலைப் பிடித்து அளந்தோம். இரண்டு பக்கத்துப் படைகளும் ஒரே உயரத்தில்தான் இருந்தன. கோட்டுக்குள் தோண்டினால் செங்கல் தூளும் ஒரு சோடா மூடியும். பழைய குழாய்க் கிடங்கை வெட்டி மூடிய தடம் அது. சோடா மூடியின் வயதைவிட அந்தக் கிடங்கு பழையதாக இருக்க முடியாது என்று அவளே சொன்னாள், கொப்பியிலும் எழுதினாள்.

போவதென்றால் முதலில் வேலைத்தலப் பொறுப்பாளரிடம் கேளுங்கள், தலைக்கவசம் போடுங்கள், உள்ளே இறங்காமல் மேலிருந்தே பாருங்கள். மூன்று மீற்றர் அகலத்தைத் தெரிவு செய்து, ஒரு மீற்றரை ஐந்து சென்ரிமீற்றராகக் குறைத்து வரையுங்கள். முதலில் எல்லைகள், பிறகு நிறம், பிறகுதான் கேள்விகள். எதிர்ச்சுவரையும் வரைந்துவிட்டு வாருங்கள். காலையிலேயே போங்கள், கொங்கிரீட் லொறி வந்துவிட்டால் அன்றைக்கே சுவர் மறைந்துவிடும்.